பட்டமும் பட்டறிவும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில் நம் இல்லங்கள்தோறும் எழும் வினா ஒன்றுண்டு. பிள்ளையை அடுத்து எதில் சேர்ப்பது என்பதே அது. நம் முன்னோர் காலத்தில் இதற்கு விடை எளிதாக இருந்தது. நிலம் உடையோர் நிலத்தைப் பார்த்தனர். படித்தோர் பலர் ஆசிரியப் பணிக்குச் சென்றனர். இன்றோ பெற்றோர் பெரும்பாலும் கணிப்பொறித் துறையையே நாடுகின்றனர். அத்துறைக்குள் நுழைய மூன்று வழிகள் உள்ளன. கல்லூரியில் மூன்றாண்டோ நான்காண்டோ பயின்று பட்டம் பெறுவது ஒன்று. மென்பொருள் நிறுவனங்களே நடத்தும் தேர்வுகளை எழுதித் தொழிற் சான்றிதழ் பெறுவது மற்றொன்று. இளமையிலேயே பணியில் அமர்ந்து, செய்து பழகிப் பட்டறிவு பெறுவது மூன்றாவது.

இம்மூன்றனுள் எது சிறந்தது? பலரும் இதனை வருமானம் பற்றிய வினாவாகவே கருதுகின்றனர். வருமானம் வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. எனினும் இவ்வினாவின் அடியில் அறம் பற்றிய வினாக்கள் இரண்டு உள்ளன. சான்றிதழ் என்பது ஒருவரைப் பற்றி மற்றொருவர் கூறும் சாட்சி. சாட்சி என்று சொன்னவுடன் வாய்மை அங்கே வந்து நிற்கிறது. இது முதலாவது. பிள்ளைக்கு வழி சொல்பவர் நாம். அவ்வழியில் இடறினால் வலி பிள்ளைக்கு. ஆகவே வழி சொல்வோர்க்குப் பொறுப்பு உண்டு. இது இரண்டாவது. இவ்விரண்டையும் மனத்திற் கொண்டே மேற்செல்வோம்.

பணி ஓய்வுக்குப் பின் நாம் வாழ்ந்து வரும் தென்காசி, இவ்வினாவை ஆராய்வதற்கு மிகவும் ஏற்ற ஊர். நெல்லும் தென்னையும், பீடி சுற்றும் தொழிலும், குற்றாலத்துச் சாரற் காலமும் கொண்டே இவ்வூரை முன்னர் அறிந்திருந்தனர். 2011-ஆம் ஆண்டில் ஜோஹோ என்னும் மென்பொருள் நிறுவனம் இங்கே ஓர் அலுவலகத்தைத் தொடங்கியது. பின்னர் அருகிலுள்ள மத்தளம்பாறைச் சிற்றூரில் தன் வளாகத்தை அமைத்துக்கொண்டது. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் பிறந்து, 2009-இல் ஜோஹோ எனப் பெயர் மாறிய நிறுவனம் அது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான திரு. ஸ்ரீதர் வேம்பு 2019 முதல் இம்மாவட்டத்திலேயே வந்து தங்கினார். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அந்நிறுவனம் நடத்தும் பயிற்சிப் பள்ளியே நம் கட்டுரைக்கு வேண்டிய செய்தி. பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்த மாணவரைத் தேர்ந்தெடுத்து, ஏறத்தாழ இரண்டாண்டுகள் கணிதம், ஆங்கிலம், நிரல் எழுதுதல் ஆகியவற்றைக் கற்பிக்கின்றனர். கட்டணம் இல்லை, மாறாக மாணவருக்கே மாதந்தோறும் உதவித்தொகை தருகின்றனர். முடிவில் பட்டம் எதுவும் வழங்குவதில்லை, பணி வழங்குகின்றனர். பட்டமின்றியும் திறமையான மென்பொருளாளர் உருவாக முடியும் என்பதை நம் கண்முன்னே மெய்ப்பித்துவிட்டனர். இது சிறிய செயல் அன்று.

நம் தெருவில் ஒரு தாய் பீடி சுற்றியே தம் மகளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வைத்தார். அப்பெண்ணிற்கு அரசுக் கலந்தாய்வின் வழியாகப் பொறியியற் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. அதே வேளையில் மேற்கூறியதைப் போன்றதொரு பயிற்சிப் பள்ளியிலும் தேர்வாகிவிட்டாள். கல்லூரியில் சேர்ந்தால் முதல் பட்டதாரிக்குரிய கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் பயின்றவளாதலால் 2022-இல் தொடங்கப்பெற்ற புதுமைப்பெண் திட்டத்தின்கீழ் மாதம் 1000 ரூபாயும் உண்டு. எனினும் விடுதிச் செலவுக்குக் கடன் வாங்கியாக வேண்டும். பயிற்சிப் பள்ளியிலோ முதல் மாதத்திலிருந்தே கையிற் பணம் வரும்.

அத்தாய் நம்மிடம் வந்து கேட்டது ஒரே ஒரு வினா. "பணம் வருவது சரிதான் டீச்சரம்மா. நாளைக்கு அந்த இடத்தை விட்டு இவள் வெளியே வர நேர்ந்தால், என்ன படித்தாய் என்று கேட்கிறவர்களுக்கு எதைக் காட்டுவாள்?" மணம் பேச வருவோரை மட்டும் எண்ணி அவர் கேட்கவில்லை. ஒரு வாயிலுக்குள் மதிக்கப்படும் திறமை, அவ்வாயிலைக் கடந்த பின்னும் மதிக்கப்படுமா என்பதே அவர் அச்சம். இதைவிடச் சரியான வினாவைக் கற்றோர் எவரும் கேட்டு நாம் அறியோம்.

இவ்வினாவிற்கு விடை காண நம் தமிழ் வரலாற்றிலிருந்தே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். உ. வே. சாமிநாதையர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர் அல்லர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் இருந்து பாடம் கேட்டதே அவர் கல்வி. 1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியர் பணி அவருக்குக் கிடைத்தது. எவ்வாறு கிடைத்தது? அப்பணியிலிருந்து ஓய்வு பெற்ற தியாகராச செட்டியார் தம் இடத்திற்கு இவரே தக்கவர் என்று எடுத்துரைத்தார். அவரும் மகாவித்துவானின் மாணாக்கர். சாமிநாதையரின் புலமையை நேரில் அறிந்தவர். கல்லூரியாரும் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டனர்.

அவ்வாண்டிலேயே சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவரை வினவினார். அதனைப் பாடம் கேட்கும் பொருட்டுச் சாமிநாதையர் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடிச் சென்றதும், சந்திரநாத செட்டியார் முதலியோர் நூலின் சமயப் பொருளை அவருக்கு விளக்கியதும், 1887-இல் அந்நூல் அச்சேறியதும் நம் குடும்பங்கள் பெருமையுடன் நினைவுகூரும் செய்திகள். கற்பித்த அச்சமணர்களிடம் அதற்கென ஒரு பட்டமும் இருந்ததில்லை. பல்லாண்டுகள் கழித்து, 1932-இல்தான் சென்னைப் பல்கலைக்கழகம் சாமிநாதையருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. அதே கும்பகோணம் கல்லூரியிற் பின்னாளில் பணியாற்றிய நம் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினாரோ முறைப்படி முதுகலைப் பட்டம் பெற்று அரசுக் கல்விப் பணியில் உயர்ந்தவர். ஒருவர் பட்டமின்றி வந்தார். மற்றவர் பட்டத்துடன் வந்தார். இருவரையும் நாடு நினைப்பது அவர்கள் ஆற்றிய பணிக்காகவே.

ஆகவே பட்டம் வேண்டியதில்லை என்று முடித்துவிடலாமா? அவ்வாறு முடிப்பது அவசர முடிவு. சாமிநாதையருக்குப் பட்டம் தேவைப்படாமற் போனதற்குக் காரணம், அவரை நேரில் அறிந்த தியாகராச செட்டியார் ஒருவர் இருந்ததே. அறிந்தவர் சொல்லும் இடத்தில் தாள் தேவையில்லை. அறியாதவர் முன் நிற்கும்போதே தாள் தேவைப்படுகிறது. பட்டம் என்பது, நம்மை அறியாத ஒருவரிடம் நமக்காகப் பேசும் பொருட்டு நாம் எடுத்துச் செல்லும் சாட்சி. அதற்கு மேலும் இல்லை. அதற்குக் கீழும் இல்லை.

இந்த நோக்கில் மத்தளம்பாறைப் பள்ளியைப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அங்கே சாட்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. தாளின் சாட்சிக்கு மாற்றாகக் கண்ணின் சாட்சியை வைத்திருக்கின்றனர். இரண்டாண்டுகள் அருகிலிருந்து பார்த்தவர்களே, இவர் செய்யக்கூடியவர் என்று உறுதி கூறிப் பணியில் அமர்த்துகின்றனர். கண்ணின் சாட்சி தாளின் சாட்சியைவிட மெய்யானது. ஆனால் அது நெடுந்தொலைவு செல்லாது. அத்தாய் அஞ்சியது அத்தொலைவைக் கண்டே.

அத்தொலைவு எத்தகையது? அமெரிக்காவில் எச்-1பி விசா பெறுவோர் பொதுவாக இளநிலைப் பட்டமோ அதற்கு ஈடான தகுதியோ உடையவராதல் வேண்டும். பட்டம் இல்லாதோர் மூன்றாண்டுப் பணி அனுபவத்தை ஓராண்டுக் கல்லூரிப் படிப்புக்கு ஈடாகக் காட்டலாம் என்பது அங்குள்ள கணக்கு. அதாவது நான்காண்டுப் பட்டம் சொல்லும் சாட்சியைப் பட்டறிவு சொல்லப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். ஜெர்மனியோ 2023 நவம்பர் முதல், பட்டமில்லாத கணிப்பொறி வல்லுநருக்கும் ஐரோப்பிய நீல அட்டை வழங்க முன்வந்தது. கடந்த ஏழாண்டுகளில் மூன்றாண்டுகளேனும் தக்க அனுபவமும், குறித்த அளவு ஊதியமும் இருத்தல் வேண்டும் என்பது விதி. நம் மாநிலத்தில் தேர்வாணையத்தின் முதற் தொகுதித் தேர்வை எழுதவும் பட்டம் தேவை. எத்துணைத் திறமையான நிரலாளரும் பட்டமின்றி அத்தேர்வுக் கூடத்துள் நுழைய இயலாது.

தனியார் நிறுவனங்கள் பல, பட்டம் கட்டாயமன்று என்று அறிவித்து வருவதைச் செய்தித்தாள்களிற் காண்கிறோம். அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளியும் பர்னிங் கிளாஸ் ஆய்வு நிறுவனமும் இணைந்து 2024-இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வறிவிப்புகளின் உண்மையான பயனை அளந்து பார்த்தது. ஓராண்டில் நிகழ்ந்த பணி நியமனங்களில் 700-க்கு ஒன்று என்ற அளவிற்கூட இவ்வறிவிப்புகளால் மாற்றம் விளையவில்லை என்று அது கண்டது. வாயிற் கதவைத் திறந்து வைத்தோம் என்று சொல்வது எளிது; காவலாளியின் பழக்கம் மாறுவது அரிது.

இனித் தொழிற் சான்றிதழ்களை நோக்குவோம். ரெட் ஹேட் போன்ற நிறுவனங்களின் தேர்வில் மாணவர் கணிப்பொறியின் முன் அமர்ந்து, இட்ட வேலையைச் செய்து காட்டியாக வேண்டும். ஆசிரியப் பயிற்சியில் நாம் மாதிரிப் பாடம் நடத்திக் காட்டியதை இது நினைவூட்டுகிறது. ஏட்டில் எழுதியது எதுவாயினும், நாற்பது குழந்தைகளின் முன் நின்று நடத்துவதே அங்கே தேர்வு. இத்தகைய சான்றிதழ் நேர்மையான சாட்சி. ஆனால் அதன் ஆயுள் குறைவு. சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. மூன்றாண்டுகளுக்கே செல்லும். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் பல சான்றிதழ்களை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஒரு காலத்தில் இளைஞர் பலர் ஆயிரக்கணக்கிற் செலவழித்துப் பெற்ற எம்.சி.எஸ்.இ. சான்றிதழை அந்நிறுவனமே 2021 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டது.

நம் குற்றாலத்து நீரைக் கொண்டே இதனை விளக்கலாம். ஆனி, ஆடியில் அருவி ஆர்ப்பரித்துக் கொட்டுகிறது. காண்போர் கூட்டமாக வருகின்றனர். பருவம் மாறினால் பாறை தெரிகிறது. அந்நீர் சிற்றாற்றின் வழியே சென்று குளங்களில் தேங்கினால்தான் வயலுக்குப் பயன். தொழிற் சான்றிதழ் பருவத்து அருவி. முறையான கல்வி குளம். பட்டறிவு வயலின் ஈரம். குளம் தூர்ந்து கிடந்தால் அருவியால் வயலுக்குப் பயனில்லை. நீர் வராத குளத்தாலும் பயனில்லை. பட்டம் பெற்றும் ஒரு சிறு நிரலை எழுதத் தெரியாதோர் நீரில்லாக் குளம் போன்றவர்.

பட்டறிவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பணிமூப்பு வேறு, பட்டறிவு வேறு. பட்டு அறிவது பட்டறிவு. முப்பதாண்டுகள் அதே பாடக் குறிப்பைப் புரட்டிய ஆசிரியருக்குப் பணிமூப்பு உண்டு. ஒரு குழந்தைக்கு ஏன் புரியவில்லை என்று இரவெல்லாம் எண்ணி மறுநாள் வேறு வகையிற் சொல்லிப் பார்த்த இளம் ஆசிரியைக்குப் பட்டறிவு உண்டு. கணிப்பொறித் துறையிலும் இதுவே நிலை. இன்று செயற்கை நுண்ணறிவு, கேட்டவுடன் நிரலை எழுதித் தருகிறது. எழுதியது சரியா தவறா என்று தேர்ந்து சொல்லவும், தவறினால் யாருக்குத் தீங்கு என்று உணரவும் அடிப்படை அறிவும் பட்டறிவும் உடையவரே வேண்டும். ஆண்டுகளை எண்ணிக் காட்டுவதனால் மட்டும் அத்தகுதி வந்துவிடாது.

இங்கேதான் வாய்மை பற்றிய முதல் வினா முன்வருகிறது. சாட்சிக்கு விலை உண்டாகும்போது பொய்ச்சாட்சிக்கும் சந்தை உண்டாகிறது. செய்யாத வேலைக்கு அனுபவச் சான்றிதழ் விற்போர் இருக்கின்றனர், வாங்குவோரும் இருக்கின்றனர். இதன் பொருட்டே மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காம், பணியாளரின் கல்வியையும் அனுபவத்தையும் சரிபார்த்துப் பதிவு செய்யும் தேசியப் பதிவேடு ஒன்றை 2006-இல் ஏற்படுத்த வேண்டியதாயிற்று. "எல்லோரும் செய்கிறார்கள், ஈராண்டைக் கூட்டி எழுதினால் யாருக்கு நட்டம்?" என்று கேட்கும் இளைஞர் உண்டு. நட்டம் உண்மையாக ஈராண்டு உழைத்தவனுக்கு. அவன் சாட்சியின் மதிப்பையும் இந்தப் பொய் குறைத்துவிடுகிறது. கற்பிக்காமலே பட்டம் வழங்கும் கல்லூரியும் இதே குற்றத்தைச் செய்கிறது. கற்காமலே அதனைப் பெற்று, பெயருக்குப் பின்னால் அழைப்பிதழில் அச்சிட்டுக்கொள்வோரும் அதிற் பங்காளிகளே.

இரண்டாவது வினா, வழி சொல்வோரின் பொறுப்பு. பட்டம் தேவையில்லை என்ற கருத்தைத் துணிந்து நடைமுறைப்படுத்திய திரு. வேம்பு, சென்னை ஐ.ஐ.டி.யில் 1989-இல் பட்டமும், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றவர். இதனைக் குறையாகச் சொல்லவில்லை. பட்டத்தின் உள்ளும் புறமும் அறிந்தவராதலால்தான் அதன் எல்லையை அவரால் காண முடிந்தது. தாம் சொன்னதற்கேற்பப் பயிற்சியையும் உதவித்தொகையையும் பணியையும் தாமே தந்து, தம் சொல்லுக்குத் தாமே பிணையாக நின்றார். அறிவுரை சொல்வோர் அனைவரும் இவ்வாறு நிற்பதில்லை. தம் பிள்ளைகளை உயர்ந்த கல்லூரிகளிற் சேர்த்துவிட்டு, பிறர் பிள்ளைகளிடம் "பட்டத்தில் என்ன இருக்கிறது?" என்று பேசுவோரைக் காண்கிறோம். செல்வமும் உறவும் உள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தாளின்றியும் சாட்சி சொல்ல நூறு பேர் உண்டு. முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்கு அத்தாள் ஒன்றே தியாகராச செட்டியார். அதனைத் தூக்கி எறியச் சொல்வோர், எறிந்தபின் வரும் இழப்பில் பங்கு கொள்ளவும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

இதற்கு மறுபுறமும் உண்டு. எந்தக் கல்லூரியாயினும் சரி, பட்டம் என்ற பெயர் கிடைத்தாற் போதும் என்று நிலத்தை ஈடு வைத்துப் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோரும் பொறுப்புள்ளவர் ஆகார். அவர்கள் வாங்குவது தம் பெருமையை. அதன் கடனைச் சுமப்பது பிள்ளை.

அத்தாய்க்கு நாம் கூறியது இதுவே. "பயிற்சிப் பள்ளியிற் சேருங்கள். கடனின்றிக் கற்பது பெரும் பேறு. ஆனால் பட்டத்தைக் கைவிட்டதாக எண்ணாதீர்கள். தள்ளிப் போட்டதாக எண்ணுங்கள்." இன்று அப்பெண் பணியில் இருக்கிறாள். தன் ஊதியத்திலேயே கட்டணம் செலுத்தி, தொலைநிலைக் கல்வியில் கணிப்பொறிப் பயன்பாட்டுப் பட்டம் பயின்று வருகிறாள். வேலையிற் கண்டதன் காரணத்தைப் பாடத்திலும், பாடத்திற் படித்ததன் பயனை வேலையிலும் காண்பதாக அவள் சொல்லும்போது நமக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

இவ்வழி அவளுக்கு மட்டும் உரியதன்று. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இதற்கென்றே உள்ளன. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பை வீட்டிலிருந்தே பயிலலாம். அடிப்படை நிலை, டிப்ளமோ, பட்டம் எனப் படிப்படியாக ஏறலாம். இடையில் நிறுத்த நேர்ந்தாலும் அதுவரை கற்றதற்குச் சான்றிதழ் உண்டு. எச்.சி.எல். நிறுவனம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோருக்குப் பயிற்சியும் பணியும் தந்து, உடன் பட்டப்படிப்புக்கும் வழி செய்கிறது. வெளியூர் செல்ல இயலாத பெண் மக்களுக்குக் குற்றாலம் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி போன்றவை அருகிலேயே உள்ளன. நல்ல கல்லூரியில், தாங்கக்கூடிய செலவில் இடம் கிடைக்குமாயின் தயங்காமற் சேர்க்கலாம். நான்காண்டுகள் அமைதியாக அமர்ந்து கற்கும் வாய்ப்பு வாழ்வில் மறுமுறை எளிதில் வாராது. அப்போதும் விடுமுறையில் ஏதேனும் ஒரு சிறு பணியைச் செய்து பழகட்டும். தொழிற் சான்றிதழைச் செய்யப்போகும் வேலைக்கு வேண்டிய அளவில், வேண்டிய காலத்திற் பெறட்டும். சுவரில் மாட்டுவதற்காக அன்று.

ஆகவே, பிள்ளையை எதிற் சேர்ப்பது என்று எண்ணுமுன் பெற்றோர் மூன்று வினாக்களைத் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டுகிறோம். இப்படிப்பு நம் பிள்ளைக்கு உண்மையில் எதைக் கற்பிக்கும்? அதனை அறியாதவரிடம் மெய்ப்பிக்க எந்தச் சாட்சி கையில் இருக்கும்? கணக்குத் தவறினால் இழப்பைச் சுமப்பவர் யார்? இம்மூன்றற்கும் நேர்மையான விடை கிடைக்குமாயின் எவ்வழியும் நல்வழியே.

பட்டமும் சான்றிதழும் உலகம் நம்மீது வைக்கும் நம்பிக்கைக்கு முன்பணம். வாங்கிய முன்பணத்தை வேலையால் தீர்ப்பதே பட்டறிவு. முன்பணமே பெறாமல் உழைத்து நம்பிக்கையை ஈட்டியோரைப் போற்றுவோம்; பெற்றபின் தீர்க்க மறந்தோரைப் போல் ஆகாதிருக்க நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம்.